கொடுக்கும் கை கணக்கும் கேட்கட்டும்



லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் மரண உதவிச் சங்கம் பணம் தருகிறது. அது துரை தந்த பணமல்ல. மாதாமாதம் நாம் கட்டிய சந்தா. கோயில் திருவிழாவையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டு நாமே நடத்துகிறோம். வாங்கியே பழகியவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பணம் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேருகிறதா? கொழுந்தெடுத்துச் சந்தா கட்டும் பெண்கள் கமிட்டியில் எத்தனை பேர்? செக்ரோலில் பேர் இல்லாத கைக்காசுக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்?

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கைக் கல்வி நிதியாக்குவோம். கொப்பிக்கும் பஸ் காசுக்கும் அது உதவும். யாருக்கு முதலில் என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆசிரியர் தருவது அரசின் கடமை. நம் நிதி அதற்கு ஈடல்ல. சம்பளத்துக்கும் காணிக்கும் ஈடல்ல. அவற்றைப் போராடியே பெறுவோம்.

அடுத்த கூட்டத்தில் கணக்கை எல்லோருக்கும் கேட்க வாசிப்போம். கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு என்றும் தீர்மானிப்போம்.