பெரியது ஒன்று, சிறியது ஒன்று



வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆசைப்படுவது கோமாளி மீனுக்குத்தான். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டைகள். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கும் அது பழகிய முகம். கடையில் போய், “ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஜோடியாகக் கொடுங்கள்” என்கிறார்கள். குஞ்சுகளில் அப்படிப் பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை.

கடலில் ஒரு கடல் சாமந்தியை அண்டி இவை சிறு கூட்டமாக வாழும். கூட்டத்தில் உருவத்தில் பெரியது பெண். அதற்கு அடுத்தது அதன் துணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல், அளவுக்கு மேல் வளரவும் செய்யாமல் காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் துணையாக இருந்த ஆணே பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். ஒருமுறை பெண்ணாக மாறிய மீன் மறுபடி ஆணாவதில்லை.

ஆகவே ஒரே இனத்தில் இரண்டு இளம் மீன்களை வாங்குங்கள். ஒன்று பார்த்தவுடன் தெரியும்படி பெரியதாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் தொட்டியில் விடுங்கள். யார் பெண் என்பதை அவை முடிவு செய்துகொள்ளும். மூன்றாவது வேண்டாம், ஜோடி சேர்ந்தபின் அதைத் துரத்தித் துரத்தியே சாகடித்துவிடும். வளர்ந்த இரண்டு பெண்களைச் சேர்ப்பது அதைவிடக் கொடுமை.

முதல் சில நாள் பெரியது சிறியதை விரட்டும். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். பெரியதற்குச் சிறியது பணிந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது, நல்ல சகுனம். துடுப்பு கிழிந்தாலோ, தீனிக்கு வராமல் மூலையில் ஒடுங்கினாலோ உடனே பிரித்துவிடுங்கள்.

தொட்டி 80 லிட்டருக்குக் குறைய வேண்டாம். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பு. நீரில் அம்மோனியா அறவே இல்லை என்று சோதித்த பிறகே மீனை விட வேண்டும். கடல் சாமந்தி கட்டாயமில்லை. அதைக் காப்பாற்றுவது மீனைவிடக் கடினம்.

நன்றாக ஒத்துப்போன ஜோடி ஒரு பாறையையோ ஓட்டையோ சுத்தம் செய்து முட்டையிடும். முட்டைக்குக் காவல் பெரும்பாலும் அப்பாதான். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்ட முட்டையைப் பொறுக்கி நீக்கும். ஒரு வாரம், பத்து நாளில் இருட்டிய பிறகு குஞ்சு பொரியும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீனை ஆய்வுக்கூடத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. இப்படிப் பண்ணையில் பொரித்த குஞ்சு தொட்டி வாழ்க்கைக்கும் தீனிக்கும் பழகியது. கடலில் ஒரு ஜோடியைப் பிடித்தால் அங்கே ஒரு கூட்டமே நிலைகுலைகிறது. அதனால், வாங்கும்போது “இது பண்ணையில் பிறந்ததா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.