கோபம் வரும்போது கை நிற்கட்டும்
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுவில் கடன் கொடுக்கும்போது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்கிறோம். தீர்மானத்தைப் படித்துக் காட்டின பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். செல்போனில் வருகிற செய்திக்கும் இந்த விசாரணை வேணும்.

2023 மார்ச்சில் நடந்ததைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அது பொய் என்று நம் காவல்துறை சொன்னது. ஒரு வீடியோவில் இருந்தது பீகார்காரர்களே இரண்டு கோஷ்டியாகப் போட்ட சண்டை. இன்னொன்றில் இருந்தவர்கள் கோவை உள்ளூர்க்காரர்கள். ஹோலிக்கு ஊருக்குப் போன ரயில் கூட்டத்தைக்கூட, உயிருக்குப் பயந்து ஓடுற கூட்டம்னு காட்டினார்கள். பீகார் சட்டசபையில் அமளி நடந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. அதற்குள் அங்கே எத்தனை தாய்மாருக்குச் சோறு இறங்காமல் இருந்திருக்கும்!

நம் பக்கமும், 'வடநாட்டான் வந்துட்டான், நம்ம பிழைப்பு போச்சு' என்று செய்தி வருகிறதே, அதுவும் இதே ஜாதிதான்.

இதையெல்லாம் மனசு ஏன் நம்புது? மூன்று காரணம் உண்டு.

ஒன்று, ஏற்கனவே நாம் நினைப்பதோடு ஒத்துப்போனால் உண்மை மாதிரியே தெரியும்.

இரண்டு, திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பத் தோணும். 1977-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரத்துக்கு ஒரு தரமாக மூன்று தரம் கேட்ட வாக்கியங்களை மக்கள் கூடுதலாக நம்பினார்கள்.

மூன்று, தெரிஞ்சவங்க அனுப்பினால் சந்தேகமே வராது. நாத்தனார் பொய் சொல்வாளா என்போம். அவளுக்கும் அது யாரோ அனுப்பினதுதானே!

பேஸ்புக், யூடியூப் கம்பெனிகளுக்கு விளம்பரம்தான் வருமானம். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு லாபம். கோபமும் பயமும் நம்மைக் கட்டிப்போடும், அதனால் அப்படிப்பட்டதே முன்னால் வந்து நிற்கும்.

இதை அறுவடை செய்கிற அரசியல்வாதி எந்தக் கட்சியிலும் இருப்பார். 'நீங்கதான் உண்மையான ஜனங்க. உங்க கஷ்டத்துக்கெல்லாம் அவங்கதான் காரணம். என் ஒருத்தனாலதான் காப்பாத்த முடியும்' என்பார். 'அவங்க' மேலே நமக்குக் கோபம் ஏறிட்டால், குடிதண்ணீர் ஏன் வரலை, ரோடு ஏன் போடலை என்று அவரை யார் கேட்பது? நம்முடைய கேள்விதான் திருட்டுப் போகிறது சகோதரிகளே.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். ஆனாலும் அனுப்புகிற விரல் நம்முடையது. எந்த ஊர்? என்றைக்கு நடந்தது? யார் நேரில் பார்த்தது? மூன்றுக்கும் பதில் கிடைக்காத செய்தி நம் போனோடு நிற்கட்டும். இதை ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் போடுவோம்.