கணக்கை முடித்துச் சென்ற கணக்கு சார்

(மர்ஹூம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர்களுக்காக நம் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற துஆ மஜ்லிஸில் தலைமை இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

      

நம் மஹல்லாவில் மூன்று தலைமுறையினர் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர்கள் ‘கணக்கு சார்’. பாட்டனாரும் ‘சார்’ என்பார். பேரனும் ‘சார்’ என்பான். 58 வயதில், அன்றைய விதிப்படி, பணியிலிருந்து ஓய்வு பெற்றார்கள். ஆனால் ஆசிரியப் பணியிலிருந்து அவர்கள் ஓய்வு பெற்றதாக நாம் அறியோம். ஃபஜ்ருக்கு ஒளூச் செய்ய ஹவுளில் அமர்ந்திருக்கும் சிறுவனிடம் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்பார்கள். சொல்லத் தெரியாதவன் அடுத்த நாள் வேறு மூலையில் போய் அமர்வான். சார் அவர்களும் அந்த மூலைக்கே வந்து அமர்வார்கள். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறிய பெண் பிள்ளைகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையில், தம் மனைவியாரை உடன் வைத்துக் கொண்டு, கட்டணமின்றிப் பாடம் நடத்தினார்கள். இன்று மாடியில் அமர்ந்திருப்போரில் பலர் அத்திண்ணையில் அமர்ந்தவர்கள்.

உலகக் கல்வி கற்பிப்பவரைப் பள்ளிவாசலில் வைத்துப் போற்றலாமா என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில், ஈட்டுத் தொகை கொடுக்க வசதியற்ற, எழுதத் தெரிந்தவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வழி செய்தார்கள். மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை! அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்களும் அல்லர். போர்க்களத்தில் எதிர்த்து நின்றவர்கள். எழுத்தறிவு தந்தவருக்கு விடுதலையே கூலியாயிற்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்றார்கள். தம் மகனுக்கும் ஹம்மாத் என்றே பெயரிட்டார்கள். தம் பெற்றோருக்கு துஆச் செய்யும்போதெல்லாம் ஆசிரியரையும் சேர்த்துக் கொண்டார்கள். எனவே நாமும் இன்று நம் ஆசிரியருக்காகக் கையேந்தக் கூடியிருக்கிறோம்.

ஆம், நம் ஆசிரியர்! மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று வந்த நமக்குக் கணக்கு சார் எப்படி ஆசிரியரானார்கள் என்பதை இன்று சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் இப்பள்ளிக்கு இமாமாக வந்த புதிது. ஒருவர் பாகப்பிரிவினை மஸ்அலா கேட்டு வந்தார். இறந்தவருக்கு மனைவி, இரு பெண் மக்கள், தாய், தந்தை இருந்தனர். மத்ரஸாவில் ‘ஸிராஜீ’ ஓதியிருந்தோம். பங்குகள் மனப்பாடமாக இருந்தன. மனைவிக்கு எட்டில் ஒன்று. இரு பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. ஆனால் தாளில் எழுதிக் கூட்டியபோது சொத்தைவிடப் பங்கு மிஞ்சியது. இதற்குரிய சட்டம் நமக்குத் தெரியும். பதற்றத்தில் கணக்குத்தான் வரவில்லை. வந்தவரை மறுநாள் வரச் சொன்னோம். முதல் ஸஃப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்த சார் அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். இஷாவுக்குப் பின் பள்ளி காலியாகும்வரை காத்திருந்து, நம் அறைக்கு வந்து, “ஹஸ்ரத், நீங்கள் சட்டத்தைச் சொல்லுங்கள், நான் கூட்டித் தருகிறேன்” என்றார்கள்.

சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மக்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4, ஆக 27. இத்தகைய நிலையில் சொத்தை 27 பங்காகவே பிரித்து எல்லோருக்கும் சம விகிதத்தில் குறைக்க வேண்டும். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர் என்றோம். ஹழ்ரத் அலி (ரலி) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக் கொண்டிருக்கும்போது இதே மஸ்அலாவை ஒருவர் கேட்க, எழுதிப் பார்க்காமலே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகி விட்டது என்று விடை சொல்லி உரையைத் தொடர்ந்த வரலாற்றையும் கூறினோம். சார் அவர்கள் ஒரு கணம் யோசித்து, “27இல் 3; ஆம், ஒன்பதில் ஒன்று!” என்று மகிழ்ந்தார்கள். அன்று தொடங்கி எத்தனையோ இரவுகள். அல்ஜீப்ரா என்னும் பெயருக்கே மூலமான நூலை எழுதிய அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்கள் அந்நூலின் ஒரு பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை நமக்குச் சொன்னவர்களும் அவர்களே. இமாமுக்குக் கணக்கு வரவில்லை என்பதை மஹல்லாவில் ஒருவரிடமும் அவர்கள் சொன்னதில்லை. இன்று நாமே சொல்கிறோம்.

அருமைச் சகோதரர்களே! ஓர் இரவு அவர்கள் வழக்கத்திற்கு மாறாக வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “ஹஸ்ரத், இன்று என் வீட்டுக் கணக்கு” என்றார்கள். அவர்களின் தந்தையார் விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆண் மக்கள் மூவரும் மூன்றாகப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். இரு சகோதரிகளுக்கும் திருமணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்று என்று ஊர் வழக்கப்படி விட்டு விட்டார்கள். தாயாரும் காலமாகியிருந்தார்கள். கணக்கு எளியது. எட்டுப் பங்கு, ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு, பெண் மக்களுக்கு ஒவ்வொன்று. அப்படியானால் ஒவ்வொரு சகோதரரும் தாம் பெற்றதில் நான்கில் ஒரு பங்கைச் சகோதரிகளுக்குத் திருப்பித் தர வேண்டும். அதைத் தம் கையாலேயே எழுதினார்கள். எழுதி முடித்து, “இத்தனை ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்கள்.

ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையிலிருந்து தம் பொறுப்புக்குரிய பங்கைச் சகோதரிகளிடம் கொண்டு சென்றார்கள். சொத்துப் பிரித்த காலத்து விலையில் அல்ல. அன்றைய சந்தை விலையில். சகோதரிகள் அழுதார்கள். “எங்களுக்கு வேண்டாம் அண்ணே, நாங்கள் அப்போதே விட்டுக் கொடுத்து விட்டோம்” என்றார்கள். சார் அவர்கள், “கையில் வராததை எப்படி விட்டுக் கொடுப்பீர்கள்? முதலில் வாங்குங்கள். உங்கள் பணமாக ஓராண்டு உங்களிடம் இருக்கட்டும். அதற்குப் பிறகும் தர விரும்பினால் பார்ப்போம்” என்றார்கள். ஓராண்டுக்குப் பின் அது பற்றிப் பேச்சு எழவில்லை. ஒரு சகோதரியின் மகள் அந்தப் பணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தார். இவற்றையெல்லாம் குடும்பத்தாரின் இசைவு பெற்றே கூறுகிறோம்.

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டே சார் அவர்கள் நம்மிடம், “ஹஸ்ரத், இதை ஜுமுஆவில் பேசுங்கள். என் பெயர் வேண்டாம், சட்டத்தைச் சொன்னால் போதும்” என்று கேட்டார்கள். இன்ஷா அல்லாஹ் என்றோம். பேசவில்லை. சூரா நிஸாவில் வாரிசுப் பங்குகளை அல்லாஹ் எண்களாகவே விதித்து, வரம்பு மீறுவோரைக் கடுமையாக எச்சரித்திருப்பதை நாம் அறியாதவர்களா? உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி, இரு பெண் மக்களையும் அழைத்துக் கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, சொத்து முழுவதையும் சிறிய தந்தை எடுத்துக் கொண்டார் என்று முறையிட்டதும், இறைவசனம் இறங்கியதும், மக்களுக்கு மூன்றில் இரண்டும் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்து எஞ்சியதை மட்டும் எடுத்துக் கொள்ளுமாறு அவருக்கு நபியவர்கள் உத்தரவிட்டதும் நாம் ஓதாததா? ஓதியிருந்தோம். ஆனால் முன் ஸஃப்பில் இருப்பவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. நம் சம்பளமும், குடியிருக்கும் வீடும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு ரமளானிலும் சார் அவர்கள் ஒரு முறை நினைவூட்டுவார்கள். இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். நம் பின்னால் நின்று தொழுவதை ஒரு நாளும் விட்டதில்லை.

ஷரீஅத் சட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மேடைகளில் முழங்குகிறோம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை அகற்றி ஷரீஅத்தை நிலைநிறுத்துவதற்காகவே இயற்றப்பட்டது. நாடு நமக்குத் தந்திருக்கும் அச்சட்டத்தை நம் வீட்டுக்குள் நாமே மீறிக் கொண்டிருந்தால், வெளியே யாரிடம் நியாயம் கேட்பது?

ஜனாஸா அன்று அவர்களின் மகனார், “என் அத்தா யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் பெற்றுக் கொள்ளுங்கள்” என்று வழக்கப்படி அறிவித்தார். ஒருவரும் முன்வரவில்லை. கொடுக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. நல்லடக்கம் முடிந்து அன்றிரவு இஷாவுக்குப் பின், பெரியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி நம் அறைக்கு வந்தார். சார் அவர்களின் மூத்த சகோதரர்! அந்தப் பங்கு விஷயத்திற்குப் பிறகு தம்பியுடன் பேச்சைக் குறைத்துக் கொண்டவர். “ஹஸ்ரத், தம்பி எழுதிய கணக்கு உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார். ஸிராஜீ கிதாபுக்குள் வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு எழுந்தார். இதைச் சொல்லுமாறு நம்மைப் பணித்தவரும் அவரே. அதற்கு மேல் சொல்லும் உரிமை நமக்கில்லை. தம்பி உயிருடன் இருக்கும்போது நாம் மிம்பரில் பேசியிருந்தால், அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ இன்னும் சில ஆண்டுகள் கிடைத்திருக்கும். அந்த ஆண்டுகள் நம் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அல்லாஹ் மன்னிப்பானாக.

மனிதன் இறந்தபின் அவனுடைய அமல்கள் நின்று விடுகின்றன. நிலைத்த தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றும் நிற்பதில்லை என்பது நபிமொழியின் கருத்து. கணக்கு சார் அவர்கள் கற்பித்த கல்வியின் நன்மை நிற்காதிருக்க நாமும் ஏதேனும் செய்ய வேண்டும். எனவே ஜமாஅத் நிர்வாகிகளின் ஒப்புதலுடன் இரண்டு அறிவிப்புகள். ஒன்று, வரும் ஜுமுஆவில் வாரிசுரிமை குறித்தே நம் பயான். இரண்டு, நம் மஹல்லாவில் எவர் வீட்டில் மவுத் நேர்ந்தாலும், அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதை யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதித் தருவதற்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் இஷாவுக்குப் பின் பள்ளி அலுவலகத்தில் அமர்ந்திருப்போம். பெண்கள் நேரில் வரத் தயங்கினால் எழுதி அனுப்பலாம். சார் அவர்களிடம் படித்த இரு மாணவர்கள் கூட்டல் கழித்தலைப் பார்த்துக் கொள்வதாக ஏற்றுள்ளார்கள். இமாமுக்குக் கணக்கு வருமா என்று யாரும் அஞ்ச வேண்டாம்!

யா அல்லாஹ்! எங்கள் ஆசிரியரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை விசாலமாக்கி, கேள்வி கணக்கை இலேசாக்கி, ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸை வழங்குவாயாக! அவர்கள் எங்களிடம் ஒப்படைத்துச் சென்ற கணக்கை, எங்கள் தவணை முடியுமுன் நேர் செய்யும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.