வாக்குரிமைக்கு உழைத்த வைத்தியர் மேரி இரத்தினம்

சண்டிலிப்பாயில் தேர்தல் நாளன்று வாக்களிக்க வரிசையில் நிற்கும் பெண்களைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. வயலில் நாற்று நடுபவளும், பாடசாலை ஆசிரியையும், பேரப்பிள்ளையின் கையைப் பற்றிவரும் மூதாட்டியும் ஆளுக்கொரு வாக்கு அளித்துத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஆனால், 1931ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கையின் சட்டசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இவ்வூரில் எந்தப் பெண்ணுக்கும் இருந்ததில்லை. ஆடவருள்ளும் சொத்தோ வருமானமோ கல்வியோ படைத்த மிகச் சிலருக்கே அது இருந்தது. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணத்திற்குப் பணிசெய்யவென்று புறப்பட்டு வந்து, யாழ்ப்பாணத்தில் இடம் பெறாமற்போன ஒரு பெண் வைத்தியர். அவரே மேரி இரத்தினம்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர் மேரி ஏர்வின். பெண்கள் வைத்தியம் கற்பது அரிதாயிருந்த அக்காலத்திலே டொரொண்டோ நகரில் அதனைக் கற்று, 1896இல் தேர்ச்சி பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்காக யாழ்ப்பாணம் வருவது அவரது நோக்கம். அப்பணி சண்டிலிப்பாயின் அயலூர்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழில் நூல்களும் ஆக்கியிருந்தார். கிழக்கே சில கட்டைத் தூரத்திலுள்ள இணுவிலில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இல் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. நோயுற்றாலும் ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்கள் நிறைந்த நாட்டில், பெண் வைத்தியரின் வருகை எத்துணை வேண்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம், இலங்கைக்குப் புறப்படுமுன் அவர் எஸ். சி. கே. இரத்தினம் என்ற தமிழரை மணந்திருந்தார். கணவரும் கிறிஸ்தவரே, நன்கு கற்றவரே. ஆயினும், வெள்ளைப் பெண் ஒருத்தி சுதேசியை மணந்ததை மிஷனைச் சேர்ந்தோர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தேவையாயிருந்த வைத்தியர் கொழும்பில் வாழலானார்.

மனங்கசந்து அவர் தாயகம் திரும்பிவிடவில்லை. கொழும்பில் வைத்தியம் பார்த்தார். சுகாதாரத்தைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் எழுதினார். நோய்க்கு மருந்து கொடுப்பதால் மட்டும் பயனில்லை என்பதையும், அறியாமையும் வறுமையும் நீங்காதவரை அதே தாய் அதே நோயுடன் மீண்டும் வருவாள் என்பதையும் அத்தொழில் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். அவர் பெண்களைச் சங்கங்களில் ஒன்றுசேர்த்தமைக்கு அதுவே அடிப்படை.

இத்தகைய மனப்பாங்கு அக்காலத்துப் பெண்ணுரிமையாளர் பலரிடம் காணப்பட்டது. இங்கிலாந்தில் வாக்குரிமைக்காக எழுதிய பிரான்ஸஸ் பவர் கொப் என்ற மாதே, 1875இல் உயிருள்ள பிராணிகளை அறுத்துச் சோதிப்பதற்கு எதிராகச் சங்கம் நிறுவியவர். வாயில்லாச் சீவன்களுக்கு இரங்கும் நெஞ்சமும், வாய் இருந்தும் பேச உரிமையற்றோருக்காக வாதாடும் நெஞ்சமும் ஒன்றே.

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது, அவ்வாண்டு டிசம்பரில் மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்றவர்களுள் மேரி இரத்தினமும் ஒருவர். சங்கத்துப் பெண்கள் ஆணைக்குழு முன்னர் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டபோது, சங்கத்தின் செயலாளர் அக்னெஸ் டி சில்வா, அவர்களும் பெண்களே, ஆகவே வேண்டும் என்று தயங்காது விடையளித்தார்.

எதிர்ப்பும் வலிதாயிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்களிப்பதை ஆதரிக்கவில்லை. சைவப் பெண்பிள்ளைகளின் கல்விக்காக 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி கண்ட பெரியாரும் அவரே. பெண்ணுக்குக் கல்வி ஈவது ஒன்று. ஆட்சியில் பங்கு ஈவது வேறொன்று என்று அறிஞரும் கருதிய காலம் அது.

ஆணைக்குழு முப்பது வயது நிறைந்த பெண்களுக்கே வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. ஆனால், 1931இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. இங்கிலாந்தில் பெண்கள் ஆடவருக்குச் சமமான வாக்குரிமை பெற்றது 1928இல். மூன்றே ஆண்டுகளில் இலங்கைப் பெண்களும் அதனைப் பெற்றனர்.

சண்டிலிப்பாய்ப் பெண்கள் உடனே வாக்களித்தனரோ எனில், இல்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் அளிக்கவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்தானும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அந்த ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. இதற்கிடையில் 1932இல், கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்கே தெரிவாகிவிட்டார். புறக்கணிப்பின் இலட்சியம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், முதன்முதலாகக் கைக்கு எட்டிய வாக்கை மூன்றாண்டு காலம் பயன்படுத்தாதிருக்க வேண்டிய பெண்களின் கருத்தை எத்தனை பேர் கேட்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

மேரி இரத்தினம் வாக்குரிமையோடு நின்றுவிடவில்லை. கனடாவின் கிராமப்புற மாதர் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். கிராமப் பெண்கள் சுகாதாரமும் சமையலும் தையலும் குழந்தை வளர்ப்பும் கூடிக் கற்க அது வழிசெய்தது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. எண்பத்தைந்தாவது வயதில், 1958இல், பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவரை நாடி வந்தது. 1962இல் மறைந்தார்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்ற விடப்படாத அந்த வைத்தியரின் உழைப்பு வேறொரு வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. மிஷன் மூடிய கதவு ஒன்று. வாக்குரிமை திறந்த கதவுகளோ பல. சண்டிலிப்பாயில் வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் இடும் பெண்ணுக்கு மேரி இரத்தினத்தின் பெயர் தெரியாதிருக்கலாம். ஆயினும் அந்தச் சீட்டு அவள் கைக்கு வந்ததில் அவருக்கும் பங்குண்டு.