கூடையில் வைத்ததும் செக்ரோலில் ஏறுவதும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவருக்கு மென்பொருளில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் மருத்துவர்களுக்குத் தகவலியலும் கற்பிக்கிறது. 2020 தொடக்கத்தில், கொரோனாவைக் கண்காணிக்க நம் நாட்டில் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மென்பொருளில் அமைத்த முறையை வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. இப்படிப் பலர் கூடி எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று பதிவு வைப்பதுதான் 'கிட்'. 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது.

நம் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். செடியில் நிற்பது, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு. கூடையில் போட்டது, 'ஸ்டேஜ்' செய்தது. மடுவத்தில் நிறுத்துச் செக்ரோலில் பதிவது, 'கமிட்'. நிறுக்குமுன் கொழுந்தைச் சோதிப்பவர், 'பிரி-கமிட் ஹூக்'. முற்றிய இலை இருந்தால் கூடையைத் திருப்பிக் கொடுப்பார். அது நல்லதே.

சோதிப்பவர் தானே திருத்தத் தொடங்கினால்தான் சிக்கல். ஹூக் கோப்பைத் திருத்தினால் அந்தத் திருத்தம் செடியில்தான் நிற்கும். கூடையில் இருக்கும் பழையதே பதிவாகும். இதைத் தவிர்க்க, ஹூக்குக்குள்ளேயே 'கிட் ஆட்' கட்டளையைச் சேர்த்துவிடுவோர் உண்டு. அப்போது அதே கோப்பில் நீங்கள் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்த அரைகுறை வரிகளும் கூடைக்குள் வந்துவிடும். நீங்கள் பார்க்காத ஒன்று உங்கள் பெயரில் பதிவாகும்.

அது குழந்தையின் எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடும் கோப்பாக இருந்தால்? சந்தேகம் வந்தால் மருந்தாளர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். மருந்துச் சீட்டைத் தானே மாற்றமாட்டார்.

கணினித் துறையில் இருக்கும் தங்கைகளே, ஹூக் ஸ்டேஜ் செய்ததை மட்டும் சோதிக்கட்டும். 'பிரி-கமிட்' என்ற பெயரிலேயே உள்ள இலவசக் கருவி, ஸ்டேஜ் செய்யாத மாற்றங்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதிக்கும். சோதனையில் கோப்பு மாறினால் கமிட்டை நிறுத்திவிடும். மாறியதை நீங்கள் வாசித்து, மறுபடி ஸ்டேஜ் செய்யுங்கள். 'நோ-வெரிஃபை' என்று கொடுத்து ஹூக்கை யாரும் தாண்டலாம்; ஆகவே பொதுச் சேர்வரிலும் அதே சோதனை இருக்கட்டும்.

நம் தாய்மார் கூடையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எத்தனை கிலோ கழித்தார்கள், எத்தனை பதிந்தார்கள் என்று தராசடியிலேயே நின்று பார்த்தார்கள். கமிட் செய்யுமுன் நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள்.