மாற்றாமல் மீட்போம்

(புதுக்கோட்டையில் தமிழாசிரியரும் தமிழன்பரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

   

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'அச்சில் இல்லாத தமிழ்நூல்களை மின்னூல்களாக மீட்டல்' என்பது. மீட்க வேண்டும் என்பதில் இவ்வவையில் இருவேறு கருத்து இராது. எவ்வாறு மீட்பது என்பதில்தான் நமக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கின்றது. அவ்வழக்கைப் பேசவே வந்துள்ளேன். சிலர்க்கு அது கசக்கும்; கசந்தாலும் இறுதிவரை கேளுங்கள்.

நாம் கூடியிருக்கும் இப் புதுக்கோட்டை நூற்பதிப்புக்குப் புதிய ஊரன்று. ஏட்டுச்சுவடிகளில் மடிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவராகிய சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், புதுக்கோட்டை அரசில் நடுவராகப் பணியாற்றியவர். மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தோன்றித் தமிழ் வளர்த்தது. அவ்வூரிற் பிறந்தவரே மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார். 1947இல் இந்நகரிலிருந்தே முருகு சுப்பிரமணியனாரும் அரு. பெரியண்ணனாரும் 'பொன்னி' என்னும் இதழைத் தொடங்கினர். பாவேந்தர் வழியில் எழுந்த இளம்பாவலர்களைப் 'பாரதிதாசன் பரம்பரை' என்னும் வரிசையில் நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது அவ்விதழே. இங்குள்ள இளைஞர்களுள் எத்தனை பேர் ஒரு பொன்னி இதழையேனும் கையில் எடுத்துப் பார்த்திருக்கின்றீர்கள்? கையுயர்த்த வேண்டா, நான் எண்ணப் போவதில்லை.

பழம்பதிப்புகளைத் தேடுவோர்க்கு நம்மூர்த் திருக்கோகர்ணத்திலேயே ஒரு கருவூலம் இருக்கின்றது. கிருட்டிணமூர்த்தி, தோரத்தி இணையர் தம் வாழ்நாள் ஈட்டத்தைக் கொட்டித் திரட்டிய ஞானாலயா நூலகந்தான் அது. ஏறத்தாழ ஒரு நூறாயிரம் நூல்கள். அவற்றுள் முதற்பதிப்புகள் பல. பெயர் வடசொல்லாயிற்றே என்று முகஞ்சுளிப்பவர், உள்ளே நுழைந்து நூலடுக்குகளைப் பார்த்துவிட்டுப் பின்னர்ச் சுளிக்கலாம். மாவட்ட எல்லைக்கு அப்பால் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த உரோசா முத்தையா அவர்களும் இவ்வாறே தனியொருவராய் நின்று திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம். நற்பேறாக நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994 முதல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. தமிழன் திரட்டியதைத் தமிழ்நாட்டில் வைத்துக் காப்பதற்கு அயல்நாட்டுப் பணம் வேண்டியிருந்தது என்று சொல்ல நாக் கூசுகின்றது.

ஒரு நூல் எப்படி அச்சில் இல்லாமற் போகின்றது? ஈயவெழுத்துக் காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து, ஆயிரம் படி அடித்து, அடித்த மறுநாளே அவ்வெழுத்துகளைப் பிரித்து அறைப்பெட்டியிற் போட்டுவிடுவர். இரண்டாம் பதிப்பு வேண்டுமெனில் முதலெழுத்திலிருந்து மீண்டும் கோக்க வேண்டும். ஊர்ப்புலவர் ஒருவர் மனைவியின் நகையை விற்று அச்சிட்ட நூலுக்கு இரண்டாம் நகை ஏது? ஆயிரத்தில் ஐந்நூறு அன்பளிப்பாகப் போயின. முந்நூறு பரண்மேற் கிடந்து கறையான் வாய்ப்பட்டன. எஞ்சியவையும் மரக்கூழ்த்தாளில் அச்சானவை. அத்தாளின் காடித்தன்மையே அதனைத் தின்றுவிடுகின்றது. பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்து, தொட்டால் உதிர்கின்றது. பனையோலை இருநூறு ஆண்டு தாங்கிற்று; நம் பாட்டன் காலத்து அச்சுநூல் எழுபது ஆண்டும் தாங்கவில்லை.

இது தானே நிகழும் அழிவு. பிறர் செய்யும் அழிவையும் பார்த்தோம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்திற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாய் இருப்பது எவ்வளவு இடரானது என்பதை ஈழத்தமிழர் நெஞ்சில் தீயாலேயே எழுதிவிட்டனர் பகைவர். அவர்கள் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே எண்மநூலகம் ஒன்றைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உலகெங்கும் பரப்பினர். இனி எந்தத் தீயும் அவற்றை எரிக்க இயலாது.

தமிழுலகில் இப்பணி அதற்கு முன்னரே தொடங்கிற்று. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கலியாணசுந்தரனாரும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்சுனன் அவர்களும் 'மதுரைத் திட்டம்' என்பதைத் தொடங்கினர். ஒருவர் தட்டச்சிட, வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புத் திருத்தினார். ஊதியம் பெற்றவர் எவருமிலர். 2001இல் தமிழ்நாட்டரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுவது அதுவே. நாட்டுடைமை நூல்கள் அதன்வழி விலையின்றிக் கிடைக்கின்றன. அச்சுத்துறையிலும், கோ. இளவழகனாரின் தமிழ்மண் பதிப்பகம் பாவாணர் நூல்களையும் பிறர் நூல்களையும் தொகுதி தொகுதியாக மறுபதிப்பித்த தொண்டினை இவ்வவை நன்கறியும்.

இனி, தொழிலுக்கு வருகின்றேன். மின்னூல் இருவகை. பக்கத்தை அப்படியே படம் எடுத்துவைப்பது ஒருவகை. அப்பக்கத்தின் எழுத்துகளை ஒருங்குறியில் எழுத்தாகவே ஏற்றுவது மற்றொன்று. படம் நூலின் உடலைக் காக்கும்; ஆனால் நாம் கேட்டால் அது வாய்திறவாது. பாவாணரின் 'ஒப்பியன் மொழிநூல்' 1940இல் வந்தது. அதன்பின் நாற்பதாண்டுக் காலம் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லுக்கு முன்பு அவர் கண்ட வேர் எது, பின்பு கண்ட வேர் எது என அறிய வேண்டுமெனில், படத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியே தேட வேண்டும். எழுத்துவடிவில் இருப்பின் சொல்லைக் கொடுத்த நொடியில் அது வரும் இடமெல்லாம் கண்முன் நிற்கும். வேர்ச்சொல்லாய்வை முன்னெடுப்பதாகச் சொல்லும் நமக்கு இதனினும் பெரிய கருவி வேறென்ன வேண்டும்?

படத்தை எழுத்தாக மாற்ற எழுத்துணரி என்னும் மென்பொருள் உண்டு. அது விரைவாகச் செய்யும். பிழையையும் விரைவாகவே செய்யும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூல்களில் ணா, றா, னா முதலியவை கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேல்வளைவு கொண்டிருக்கும். இவ்வாறு மாறிய எழுத்துகள் 13. இவற்றைக் கண்டு பொறி மருளும். மங்கிய அச்சில் ரகரத்தையும் துணைக்காலையும் மயங்கும். மற்றொரு சிக்கலைப் பலர் அறியார். பழைய நூல்களில் பக்க எண்ணும் ஆண்டும் தமிழெண்ணில் இருக்கும். ௧ என்னும் எண்ணும் க என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. கணிப்பொறிக்கு அவை வேறு வேறு. ௨, ௭, ௮ ஆகியவையும் அவ்வாறே. தட்டச்சிடுபவர் எண்ணுக்கு மாற்றாக எழுத்தைத் தட்டிவிட்டால் பார்ப்பவர்க்குப் பிழை தெரியாது. தேடுபவர்க்கு நூற்பகுதி கிட்டாது. இத்தகைய இடங்களில் ஒற்று மிகுந்தது அச்சுப்பிழையா, ஆசிரியர் கருத்தா என்று முடிவுசெய்ய இலக்கணம் கற்ற கண் வேண்டும். கணிப்பொறி கற்ற இளைஞரிடம் கருவி இருக்கின்றது, நம்மிடம் கண் இருக்கின்றது. இரண்டும் ஒரே மேசையில் அமர்வதில்லை என்பதே இன்றுள்ள குறை.

விக்கிமூலம் என்னும் தளத்தில் இதற்கு நல்ல முறை ஒன்று வைத்திருக்கின்றனர். ஒருபுறம் பக்கத்தின் படம். மறுபுறம் எழுத்துணரி தந்த எழுத்து. ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் அப்பக்கம் மஞ்சள் குறி பெறும். இன்னொருவர் மீண்டும் ஒப்பிட்டு உறுதிசெய்தால் பச்சைக்குறி பெறும். ஒருவரே இரண்டையும் செய்ய இயலாது. நாட்டுடைமை நூல்கள் பல அங்கு மெய்ப்புத் திருத்துநர்க்காகக் காத்துக் கிடக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு பக்கம் திருத்தும் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு நூலை மீட்டவராவார்.

இனி அந்த வழக்கு. என்னிடம் பயின்ற இளைஞர் சிலர் நூறாண்டுப் பழமையான உரைநூல் ஒன்றைத் தட்டச்சிடத் தொடங்கினர். நல்ல தமிழுணர்வினர். ஒருநாள் வந்து, "ஐயா, இதில் 'அபிப்பிராயம்', 'பிரயோசனம்' என்று வடசொற்கள் மண்டிக் கிடக்கின்றன. தட்டச்சிடும்போதே 'கருத்து', 'பயன்' என மாற்றிவிடுகின்றோம். நூலும் மீளும், தமிழும் தூய்மையுறும்" என்றனர். அவர்கள் உள்ளம் எனக்கு விளங்கிற்று. ஆயினும் கூடாது என்றேன். இவ்வவையிலும் அவ்வாறு எண்ணுவோர் பலர் இருக்கின்றீர்கள் என்பதை அறிவேன். ஆகலின் அதன் வகையை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

மறைமலையடிகள் 1902இல் தொடங்கிய இதழின் பெயர் 'ஞானசாகரம்'. தனித்தமிழ் உணர்வு முதிர்ந்தபின் அதனை 'அறிவுக்கடல்' என மாற்றினார். 1903இல் வெளிவந்த 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை' முதலிய தம் முன்னைய நூல்களையும் பின்னைப் பதிப்புகளில் வடசொல் களைந்து செப்பஞ் செய்தார். அந்நூல்கள் அவருடையவை, மாற்றும் உரிமையும் அவருடையது. இனி எண்ணிப் பாருங்கள். அவருடைய முதற்பதிப்பை நாம் தட்டச்சிடும்போதே 'தூய்மை' செய்துவிட்டால், அடிகள் எவ்விடத்தில் நின்று எவ்விடத்திற்கு வந்தார் என்பதற்கு என்ன சான்று எஞ்சும்? அவர் கடந்த தொலைவே நம் இயக்கத்தின் வரலாறு. தொடங்கிய இடத்தை அழித்துவிட்டு, வெகுதொலைவு வந்தோம் என்றால் எவர் நம்புவார்?

தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் 'வீரசோழிய'த்தைப் பதிப்பித்தார். தமிழுக்கு வடமொழி இலக்கணச் சட்டையை மாட்டிப் பார்த்த நூல் அது. அதனை அவர் திருத்தவுமில்லை, தீயிலிடவுமில்லை, கிடைத்தபடி கொடுத்தார். அதனாலன்றோ எந்த இடத்தில் வடமொழி புகுத்தப்பட்டது என்று இன்று நாம் விரல்வைத்துக் காட்ட முடிகின்றது! கலப்பு எப்போது, எவ்வழி, எவர் கையால் நேர்ந்தது என்பதற்குக் கலந்த நூல்களே சான்று. வழக்காட வந்தவன் தன் சான்றைத் தானே அழிப்பானா?

இன்னும் ஒன்று. மாற்றும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டால் அதனை எவர்க்கும் மறுக்க இயலாது. பாவாணர் 'பொத்தகம்' என்று எழுதியதை அச்சுப்பிழை என்று கருதிப் 'புத்தகம்' எனத் திருத்தும் ஒருவர் நாளை வருவார். அடிகளின் நூலில் அயலெழுத்துகளைப் புகுத்தி, "படிப்பவர்க்கு எளிதாக்கினேன்" என்பார் மற்றொருவர். அப்போது எந்த வாயால் தடுப்போம்? அச்சுநூலாவது ஆயிரம் படி இருந்தது. எங்கேனும் ஒன்று கிடைத்து உண்மையைக் காட்டும். மின்னூலோ ஒன்றிலிருந்து ஆயிரமாய்ப் பெருகுவது. முதலில் புகுந்த மாற்றமே எல்லாவற்றிலும் இருக்கும்.

தூய தமிழாக்கம் வேண்டுவோர் அதனைத் தனிநூலாகச் செய்க. 'இன்னார் தமிழாக்கியது' என்று அட்டையிலேயே பெயர் பொறிக்க. வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற் பட்டியலை நூலின் இறுதியிற் சேர்க்க. அது மாணவர்க்கும் பயன்படும். மூலத்தில் கைவைக்க வேண்டா.

மூலம் என்பது பாடம் மட்டுமன்று. முகப்புத்தாள், அச்சகத்தின் பெயர், விலை, சிறப்புப்பாயிரம், பின்னட்டையில் உள்ள நூல்விளம்பரம் ஆகிய அனைத்தும் படமாக்கப்பட வேண்டும். நாம் பெயரே கேட்டிராத எத்தனையோ நூல்கள் அவ்விளம்பரங்களில்தாம் உயிரோடிருக்கின்றன. நூலின் கடைசியில் 'பிழையுந் திருத்தமும்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதனைப் பயனற்ற தாள் என்று விட்டுவிடுகின்றனர். ஆசிரியரே தம் கையால் ஒப்பிய திருத்தங்கள் அவை.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்திய நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை அவர் மரபினர்க்கு உண்டு. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை எவரும் வெளியிடலாம். பாவாணர் நூல்களும் அவ்வகையின. ஆனால் 1975இல் மறைந்த ஓர் ஊர்ப்புலவரின் நூல் 2035 முடியும்வரை அவர் பிள்ளைகளின் உடைமை. அப்பிள்ளைகள் எங்கிருக்கின்றார்கள் என்பதே பலர்க்குத் தெரியாது. ஊரில் வாழும் ஆசிரியர்க்குத் தெரியும். நேரிற் சென்று, ஒரு தாளில் இசைவெழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். வாய்மொழி இசைவு பேரன் காலத்தில் நில்லாது. எழுத்தேற்றி முடித்தால், வேண்டுமளவு முப்பது படியோ ஐம்பது படியோ தாளிலும் அச்சிடலாம். ஆயிரம் அடிக்க வேண்டிய கட்டாயம் இன்றில்லை. முதற்படி அக்குடும்பத்திற்குச் செல்லட்டும்.

நூல் கொண்டுவந்த அன்பர்கள் அவற்றைப் பின்வரிசை மேசையில் வைத்துள்ளீர்கள். ஏழு நூல்கள் என்றார்கள். எதனையும் தையல் பிரிக்க வேண்டா, விரித்து அழுத்தவும் வேண்டா. அங்குலத்திற்கு 300 புள்ளிக்குக் குறையாமல் படமெடுத்தபின் உரியவரிடமே திருப்பித் தரப்படும். மெய்ப்புத் திருத்த இசைபவர்கள் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்க. ஒரு நூலுக்கு இருவர் வேண்டும்.