பழைய கணினியும் பாமினி எழுத்தும்



பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியொன்று வீட்டு மேசையில் இருக்கிறது. அது கண்விழிப்பதற்குள் ஒரு கோப்பை தேநீர் அருந்தி முடித்துவிடலாம். “பணிசெயல் முறைமையை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று அயல் வீட்டு இளைஞர் சொல்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் “அழித்துவிட்டு” என்னும் அச்சொல்லைச் சற்று நின்று கேட்பது நல்லது.

பணிசெயல் முறைமை என்பது யாது? நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய உறுப்புக்களை ஆண்டு, நாம் கையாளும் மென்பொருள்களுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே அது. விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. ஆண்டுகள் செல்லச் செல்ல வேண்டியனவும் வேண்டாதனவுமாகிய பல மென்பொருள்கள் அதன்மேல் வந்து குவிகின்றன. கணினியை இயக்கியவுடன் அவற்றுட் பல தாமாகவே எழுந்து நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்கின்றன. புதிதாக நிறுவும்போது இச்சுமை நீங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரின் கணினிக்கு இப்பணியை நானே செய்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியையான அவர், ஊர் முதியோர் பாடிய தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் கேட்டுத் தட்டெழுதி வைத்திருந்தார். பாடியவர்களுட் பலர் இன்று இல்லை. கோப்புக்களை வேறொரு தட்டிற் பிரதி செய்தேன், பழையதை அழித்தேன், புதியதை நிறுவினேன், கோப்புக்களைத் திரும்ப வைத்தேன். பெருமையோடு அவரை அழைத்துத் திறந்து காட்டினேன். திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. “தம்பி, பாட்டெல்லாம் எங்கே?” என்று அவர் கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை.

பாடல்கள் அழிந்துவிடவில்லை. அவை இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவில் எழுதப்பட்டவை. அம்முறையில் கணினி தன்னுள்ளே ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே வைத்திருக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவத்தைத் திரையிற் காட்டும். எழுத்துரு போய்விட்டால் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்தே வெளிப்படும். பணிசெயல் முறைமையை அழித்த நான், அதனோடு எழுத்துருவையும் அழித்திருந்தேன். தமிழெழுத்துக்களுக்குத் தனி எண்களை 1991 இல் வந்த யூனிகோட் முதற் பதிப்பே வகுத்துவிட்டது. அம்முறையில் எழுதியவற்றுக்கு இவ்விடர் இல்லை. நண்பரொருவரின் பழைய கணினியிலிருந்து பாமினியைப் பெற்று நிறுவிய கணமே தாலாட்டுக்கள் மீண்டன.

அன்று கற்றவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, எடுத்து வைத்தல். ஆவணங்களும் படங்களும் மாத்திரம் போதா. முகப்புத் திரையில் போட்டுவைத்தவை, மின்னஞ்சல்கள், உலாவியிற் சேமித்த கடவுச்சொற்கள், எழுத்துருக்கள் யாவற்றையும் வெளித்தட்டொன்றிற் பிரதி செய்யவேண்டும். பின்னர் வேறொரு கணினியிற் சிலவற்றைத் திறந்து பார்க்கவேண்டும். நான் அவ்வாறு பார்த்திருப்பின் என் பிழை முன்னரே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, நோயறிதல். வன்தட்டு வழக்கத்துக்கு மாறாகத் தட்டும் ஒலி எழுப்பினால் குற்றம் மென்பொருளில் இல்லாமல் தட்டிலேயே இருக்கலாம். சுழலும் தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைத் தட்டைப் பூட்டினால் பழைய கணினியும் வியக்கத்தக்க விரைவு பெறும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்றுண்டு. அது தீர்ந்துபோனால் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான இணையத்தளங்களோடு தொடர்பு கொள்ள இயலாது.

மூன்றாவது, எதனை நிறுவுவது என்பது. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, 4 கிகாபைற் நினைவகத்தையும் 64 கிகாபைற் இடத்தையும் டீபீஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் வேண்டி நிற்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் இறுதியிற் சொன்னது இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கியது அது. லினக்ஸ் மின்ட் என்னும் வகை 2 கிகாபைற் நினைவகத்திலும் இயங்கும். 4 இருந்தால் இதமாக இயங்கும். வன்தட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்பது பெரிய வசதி.

நான்காவது, நிறுவும் வேளை. அப்பணி தொடங்குமுன் பிரதி வைத்த வெளித்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள். எத்தட்டை அழிப்பது என்று திரை கேட்கும்போது, அவசரத்தில் தவறானதைத் தெரிவு செய்தோர் பலர். எதிரில் இல்லாத தட்டை எவராலும் தவறுதலாக அழிக்க முடியாது.

கணினியைக் கடையில் வாங்கலாம். பணிசெயல் முறைமையை ஒரு மாலைப்பொழுதில் நிறுவலாம். மறைந்துபோன மூதாட்டியின் தாலாட்டை மீண்டும் கேட்டு எழுத வழியில்லை. என் தமக்கையார் அப்பழைய கணினியிலேயே இப்போது பாடல்களை ஒவ்வொன்றாக யூனிகோட்டுக்கு மாற்றி வருகிறார். ஒவ்வொரு மாத முடிவிலும் பிரதியொன்று என் வீட்டுக்கு வருகிறது. எழுத்துருவும் அதனோடு வருகிறது.